தண்ணீரில் குடும்ப லீவு: பழவேற்காடா, பிச்சாவரமா, ஆலப்புழையா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் புதுசில்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது காசிமேட்டில் மீன் பிடிக்கப் போட்டுக்குப் போகிற சொந்தக்காரர் இருப்பார். ஆனால் ஆயா, குழந்தைகள், பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற அத்தை என்று மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போக அந்தக் கடல் ஆகாது. காயல், கழிமுகம், துறைமுகத்தின் உள்பக்கம் என்று அலை அடங்கிய தண்ணீராகப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பது பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறைத்து நிற்பதால் உள்ளே அலை கிடையாது. மேப்பைப் பார்த்தால் இதைவிடத் தோதான இடம் வேறில்லை. இருந்தும் படகுச் சவாரிக்கு இதை நான் சேர்க்க மாட்டேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரிக்குப் போன குடும்பங்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடையை மீறி ஏற்றிக்கொள்ள ஆள் கிடைக்கலாம், ஏறக்கூடாது.

ஏரி அமைதிதான். வினை, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல் நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், எதிரே அலை உள்ளே தள்ளும். இரண்டும் மோதுகிற இடத்தில், அதுவும் மணல் திட்டு இருந்துவிட்டால், தண்ணீர் செங்குத்தாக எழும்பும். "வெளிய இழுக்கும்போது நாங்களே பாத்துதான்டா போவோம், நீ புள்ளைங்கள ஏத்திக்கினு போறியா?" என்று காசிமேட்டு மாமா ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் நடந்ததும் கழிமுகத்தில்தான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு, பொழுது சாய்ந்த பிறகு கிளம்பியது. அங்கேயும் 22 பேர். ஆகவே எந்த ஊரானாலும் முகத்துவாரம் எவ்வளவு தூரம், படகில் எத்தனை பேர், லைஃப் ஜாக்கெட் குழந்தை அளவில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பழவேற்காட்டுக்குக் கரையோடு போய் வரலாம். டச்சுக்காரர் கல்லறைகள், குளிர்காலத்தில் பூநாரைகள், நல்ல நண்டு, எல்லாம் இருக்கின்றன. ஒரு காலத்தில் பேசின் பிரிட்ஜிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகவே பழவேற்காடு வரை படகு போனது, விறகும் உப்பும் அதில்தான் வந்தன. இன்றைக்கு அந்தக் கால்வாயைப் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம்.

முட்டுக்காடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு படகுக் குழாம், காயல், துடுப்புப் படகு, வேகப் படகு. ஆனால் திருவொற்றியூரிலிருந்து ஊரையே குறுக்கே கடந்து, ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் நெரிசலில் நின்று, அரை மணி நேரச் சவாரிக்குப் போவது லீவு ஆகாது. தென்சென்னைக்காரர்களுக்குச் சரி.

நிஜமாகவே பாய் விரித்துப் படகு ஓட்டப் பழக வேண்டும் என்றால் ஊர் தாண்டவே வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேதான் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் உண்டு. ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன், அந்தச் சங்கத்தின் கோடை முகாமில்தான் பாய்மரத்தை முதலில் தொட்டார். பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆப்டிமிஸ்ட் என்கிற குட்டிப் படகு: ஒரே பாய், ஒரே ஆள், நீளம் 2.3 மீட்டர். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும்போது பத்து வயதுப் பிள்ளை தானே கயிற்றை இழுத்துத் திருப்புவதைப் பார்க்க வேண்டும். ஆனால் இது பிள்ளைகளின் வகுப்பு, குடும்ப லீவு இல்லை. துறைமுக வளாகம் என்பதால் ஆயாவைக் கூட்டிக்கொண்டு நினைத்தபோது நுழையவும் முடியாது.

அப்போது மிஞ்சுவது கேரளத்தின் ஆலப்புழையும் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரமும்.

சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் காலையில் ஆலப்புழை. ஹவுஸ்போட்டில் படுக்கையறை, ஒட்டிய பாத்ரூம், சமையல்காரர். முழங்கால் வலிக்கிற பெரியவர்களுக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் புக் செய்கிறவர் சொல்லாமல் விடுகிற சங்கதி: சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் படகு நகராது. மீனவர்கள் வலை போடுகிற நேரம் என்பதால் கரையில் கட்டிவிடுவார்கள். பல படகுகளில் ஏசியும் ராத்திரிக்கு மட்டும்தான். இருபத்திரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து ஓடுகிற நேரம் சில மணிதான். ஆக, இது மிதக்கும் லாட்ஜ். அதே காயலை ஆலப்புழை–கோட்டயம் அரசுப் படகில் சில்லறைக் காசில் இரண்டரை மணி நேரம் பார்க்கலாம். கைக்குழந்தை இல்லாத குடும்பம் என்றால், கரையில் அறை எடுத்து இந்தப் படகில் போய்வரத்தான் சொல்வேன்.

பிச்சாவரத்தில் ராத்திரி படகில் தங்க முடியாது, படகில் பாத்ரூமும் கிடையாது. ஆயாவுக்கு அது பெரிய விஷயம், முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மற்றபடி எனக்கு அதுதான் முதலிடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அலையாத்திக் காடு. அகலமான வாய்க்காலில் மோட்டார் படகு ஓடும், குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அதனால் துடுப்புப் படகையே கேட்டு வாங்குங்கள். உள்ளே போனதும் கிளைகள் தலைக்கு மேல் மூடிக்கொள்ளும். குனிய வேண்டும், கையை வெளியே நீட்டக்கூடாது. வேரில் ஒட்டிய சிப்பி கிழித்துவிடும். காற்று நுழையாது, பெரும்பாலும் ஆள் மட்டத் தண்ணீர்தான்.

மே லீவில் வெயில் அங்கே மண்டையைப் பிளக்கும், அதற்கு ஆலப்புழையே மேல். பிச்சாவரத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். மழை முடிந்து வாடைக்காற்று இதமாக இருக்கும். முதல் நாள் ராத்திரியே சிதம்பரத்தில் தங்கிவிட்டால் காலைப் படகைப் பிடிக்கலாம். நடராஜர் கோயில் மத்தியானம் நடை சாத்துவதால் தரிசனத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள்.