பாறைக் கடற்கரை: பெங்களூரிலிருந்து மால்பேயா, கோகர்ணமா?

கர்நாடகக் கரையிலுள்ள இந்த இரண்டு ஊருக்கும் சாலை நெலமங்கலாவில் பிரிகிறது. குனிகல், ஹாசன் பக்கம் திரும்பும் தேசிய நெடுஞ்சாலை 75 மால்பேக்கு. தும்கூர், ஹாவேரி பக்கம் நேரே போகும் 48 கோகர்ணத்துக்கு. அல்சூர், கே.ஆர். புரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குள் நகரின் வடமேற்கிலுள்ள கொரகுண்டபாளையம் சந்திப்பைத் தாண்டிவிடுவது நல்லது.

பாறைக்காகவே போவதென்றால் மால்பேதான். சுமார் 400 கி.மீ. அங்கிருந்து படகேறினால் செயின்ட் மேரிஸ் தீவு. எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது வெடிப்பு விட்டு, ஐந்து, ஆறு பட்டைகள் கொண்ட தூண்களாக நின்றுவிட்ட இடம். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுப் பழமை. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த காலம். இப்படி ஒன்று தென்னிந்தியக் கரையில் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. தூண்களின் தலைகள் ஏற்ற இறக்கமாக இருப்பதால் ரப்பர் செருப்பு உதவாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். தீவில் இரவு தங்க முடியாது. போகிற வழியிலேயே, உடுப்பிக்குத் தெற்கே, பாறைமேல் நிற்கும் காப்பு கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடலாம்.

குறை இரண்டு. மழைக்காலத்தில் தீவுக்குப் படகு ஓடாது. சகலேஷ்புரம் தாண்டியதும் வரும் சிராடி மலைப்பாதையும் அப்போது மண் சரிந்து மூடப்படுவதுண்டு.

கோகர்ணம் நடக்கிறவர்களுக்கு. ஏறத்தாழ 500 கி.மீ. என்றாலும் ஹாவேரி வரை சாலை அகலம். அதன்பின் சிர்சி வழியாக மலையிறக்கம். குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று நான்கு கடற்கரைகளையும் பாறை முனைகள் பிரிக்கின்றன. கடைசித் துண்டு, ஹாஃப் மூனிலிருந்து பாரடைஸ், கையூன்றி ஏற வேண்டிய கரடு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

இரண்டு இடத்திலும் விபத்து ஒரே மாதிரிதான் நடக்கிறது: பல சிறிய அலைகளுக்குப் பின் ஒரு பெரிய அலை வந்து, நிற்பவரை இழுத்துவிடுகிறது. பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதற்கு நன்றாக மேலே நில்லுங்கள். கறுப்பும் பச்சையுமாகத் தெரிவது பாசி, அதில் கால் வைக்கவே வேண்டாம்.

பொங்கலுக்கு நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள பாறைக் கடற்கரையான முட்டம் போதும், தனிப் பயணம் தேவையில்லை.

மூன்று இரவு கிடைத்தால் இரண்டையும் சேர்க்கலாம். நடுவில் தேசிய நெடுஞ்சாலை 66-இல் சுமார் 180 கி.மீ. அப்போது மால்பேயை முதலில் வையுங்கள். கடல் கொந்தளித்து அன்று படகு நின்றுபோனாலும் மறுநாள் காலை கையில் இருக்கும்.