கப்பல்ல அசிஸ்டென்ட் வெயிட்டரா, பஃபேவா, பாரா? ஊட்டி பசங்களுக்கு ஒரு அலசல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரில கேட்டரிங் முடிச்சிட்டு சீசனுக்கு ஓட்டல்ல நிக்கிற பசங்க, க்ரூஸ் கப்பலுக்கு எந்த போஸ்ட் போடலாம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கிடைச்சா மெயின் டைனிங் ரூம் அசிஸ்டென்ட் வெயிட்டர்தான், வேற யோசனையே வேணாம்னு நான் சொல்லுவேன்.

நம்ம ஊர் ரிசார்ட்ல ஒரே ஆளே ஆர்டர் எடுத்து, தண்ணி வச்சு, பில்லு குடுத்து, டேபிளும் தொடைப்பான். கப்பல்ல வேலைய பிரிச்சிருப்பாங்க. வெயிட்டர் கெஸ்ட்கிட்ட மெனு சொல்லி ஆர்டர் எடுத்து பரிமாறுவார், அசிஸ்டென்ட் கேலிக்கும் (கப்பலோட சமையல்கட்டு) டேபிளுக்கும் ஓடிட்டே இருப்பான். மூடி போட்ட தட்டு பத்துப் பன்னெண்ட ஒரே ட்ரேல அடுக்கி தோள்ல ஏத்திக்கிட்டு கப்பல் ஆடுனாலும் ஆடாம நடக்கணும், பிரெட், தண்ணி, காபி, எச்சித் தட்டு எல்லாம் அவன் பொறுப்பு. நைட்டு ரெண்டு சிட்டிங், 6 மணி வாக்குல ஒண்ணு, 8க்கு மேல இன்னொண்ணு, நடுவுல கிடைக்கிற கொஞ்ச நேரத்துல விரிப்பு, கிளாஸ், ஃபோர்க் எல்லாத்தையும் புதுசா செட் பண்ணணும். முதுகு கழண்டுடும், உண்மைதான். ஆனா இந்த மாதிரி சிட்டிங்ல ட்ரிப் முழுக்க அதே ஆளுங்க அதே டேபிளுக்கு வருவாங்க, இவருக்கு ஐஸ் போடாத தண்ணி, அந்தம்மாவுக்கு ஸ்வீட்டோடயே டீன்னு ரெண்டாவது நாளே கவனிச்சு வச்சீங்கன்னா கடைசில ஃபீட்பேக்ல உங்க பேர எழுதிட்டுப் போவாங்க, வெயிட்டரா ஏறுறதுக்கு அது பெரிய பலம்.

பஃபேல கெஸ்ட் யாருன்னே தெரியாது, ஷிப்ட் மட்டும் மாறிட்டே இருக்கும். இங்கிலீஷ் பேச கூச்சப்படுறவங்களுக்கு நல்ல வாசல்தான், சுத்தம்னா என்னன்னும் அங்கதான் கத்துக்குவீங்க. அமெரிக்க போர்ட்டுக்குப் போற கப்பல்ல அந்நாட்டு சுகாதார ஆளுங்க சொல்லாம கொள்ளாம வந்து மார்க் போடுவாங்க, 100க்கு 86 எடுத்தாதான் பாஸ். சூடா வைக்கிறது 57 டிகிரிக்கு கீழ இறங்கக் கூடாது, ஜில்லுன்னு வைக்கிறது 5 டிகிரிய தாண்டக் கூடாது. வாந்திபேதி பரவுனா கெஸ்ட்ட கரண்டியவே தொட விடமாட்டாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் நீங்கதான் போட்டுக் குடுக்கணும்.

பார், வைன் பக்கம் காசு உண்டு, ஆனா விக்கத் தெரியணும், பாட்டில் பேர் எல்லாம் மனப்பாடமா இருக்கணும். மொதல் காண்ட்ராக்ட்லயே அதுக்கு ஆசைப்படாதீங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை ஹெட் வெயிட்டர். பல ஸ்டேஷன், அதாவது வெயிட்டருங்களுக்குப் பிரிச்சு விட்ட டேபிள் செட்டுங்க, அவர் கண்ணுல இருக்கும், அலர்ஜி இருக்குற கெஸ்ட்கிட்ட நாளைக்கு மெனுவ இன்னைக்கு ராத்திரியே காட்டி என்ன வேணும்னு கேட்டு கேலிக்கு எழுதிக் குடுப்பார், அதுல தப்பு நடந்தா ஒரு உயிருக்கே ஆபத்து. அவருக்கு மேல மேட்ரி டி, யாருக்கு எந்த டேபிள்ங்கறதுலேர்ந்து மொத்த ஹாலும் அவர் கையில. இந்த ஏணில மொதப் படி அசிஸ்டென்ட், அதனாலதான் அத அடிச்சுச் சொல்றேன்.

எந்த போஸ்ட்டா இருந்தாலும் 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ரெஸ்ட் தரணும், அத ரெண்டா பிரிச்சாலும் ஒண்ணு 6 மணி நேரமாவது சேர்ந்தாப்ல இருக்கணும்னு 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்லுது. வேலை வாங்கித் தர ஃபீஸ் கேக்கவும் அதுல இடமில்ல, பாஸ்போர்ட், மெடிக்கல் செலவு வேற விஷயம், விசா செலவு கப்பல் முதலாளியோடது. ஏஜென்ட் லட்சக்கணக்குல கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, கேக்கலன்னாலும் கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு குடுக்குற ஆர்பிஎஸ்எல் லைசன்ஸ் இருக்கான்னு மத்திய அரசோட கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் வெப்சைட்ல பாத்துட்டு அப்புறம் பேப்பர குடுங்க.