மெய்டனா, மெட்டாலிகாவா: யாருடைய ஆல்பங்களை முழுசாகச் சேர்ப்பது?

அலமாரியில் இடமும் கையில் காசும் அளவாகத்தான் இருக்கின்றன. ஒரே ஒரு இசைக்குழுவின் ஆல்பங்களை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை சிடியாகச் சேர்ப்பது என்று முடிவெடுத்தபோது, என் முன்னால் இருந்தவை இரண்டு ஹெவி மெட்டல் குழுக்கள்: இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன், அமெரிக்காவின் மெட்டாலிகா. நான் மெய்டனைத் தேர்ந்தெடுத்தேன். மெட்டாலிகாவில் 1983 முதல் 1991 வரை வந்த முதல் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எண்பதுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெட்டாலிகாவிடம் வேகமும் கனமும், மெய்டனிடம் மெலடியும் கதையும். இரண்டு குழுவுமே பெங்களூருக்கு வந்து வாசித்திருக்கின்றன (2007, 2011), இரண்டுக்கும் நம்மூரில் வெறிபிடித்த ரசிகர்கள் உண்டு. இதில் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

வித்தியாசம் தொண்ணூறுகளில்தான் தெரிகிறது. கிரஞ்ச் என்ற புது ராக் பாணி அலை அடித்து, மெட்டல் மவுசு குறைந்த காலம் அது. 1993-ல் பாடகர் புரூஸ் டிக்கின்சன் மெய்டனை விட்டுப் போனார், பிளேஸ் பெய்லி பாட வந்தார், அமெரிக்காவில் பெரிய அரங்குகளில் வாசித்த குழு சின்ன இடங்களுக்கு இறங்கியது. அந்த நிலையிலும் 1995-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் பதினோரு நிமிடப் பாட்டோடு தொடங்கியது. வானொலிக்கு வளைந்து கொடுக்கும் எண்ணம் இருந்தால் யாரும் அப்படித் தொடங்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மெட்டாலிகா முடியை வெட்டி, லோகோவை மாற்றி, 'லோட்' வெளியிட்டது. அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மாற்று ராக் குழுக்களுக்குப் பேர்போன லொல்லாபலூஸா விழாவில் அவர்கள்தான் முக்கியக் குழு. 'விலைபோய்விட்டார்கள்' என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள்.

முடி வெட்டியதை நான் குற்றமாக நினைக்கவில்லை. மெட்டாலிகாவின் ஐந்தாவதான கறுப்பு அட்டை ஆல்பத்தை 'செல்-அவுட்' (விலைபோனது) என்று சொல்வதையும் ஏற்கவில்லை. 1991 ஆகஸ்டில் அது வந்தபோது அவர்கள் யார் பின்னாலும் போகவில்லை, மற்றவர்கள்தான் அவர்கள் பின்னால் வந்தார்கள். மாறுவது வேறு, அடுத்தவர் மாறினார்கள் என்பதற்காக மாறுவது வேறு.

சரி, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பேட்டிகளை நம்ப முடியாது, விற்பனையும் உதவாது. நான் பார்ப்பது செட்லிஸ்டை, அதாவது கச்சேரியில் வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலை. இருபது வருஷம் கழித்து, எந்தக் கட்டாயமும் இல்லாதபோது, அந்தக் குழுவே மேடையில் எந்தப் பாட்டை எடுக்கிறது?

மெய்டனின் மிக மோசமான காலம் என்று எல்லோரும் ஒதுக்குவது அந்த பிளேஸ் காலத்தைத்தான். ஆனால் 2018-ல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் அந்தக் காலத்துப் பாட்டுகளான 'சைன் ஆஃப் த கிராஸ்', 'த கிளான்ஸ்மேன்' இரண்டையும் வாசித்தார்கள். பாடியவர் திரும்பி வந்திருந்த டிக்கின்சன். தான் இல்லாதபோது பிறந்த பாட்டுகளை அவர் அவ்வளவு ஈடுபாட்டோடு பாடுகிறார் என்றால், அவை யாரையும் திருப்திப்படுத்த எழுதிய பாட்டுகள் இல்லை. 2006-ல் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக வந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே வாசித்தார்கள். பழைய பாட்டு கேட்க வந்தவர்களில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்தத் துணிச்சல்தான் பிடித்தது.

இப்போது மெட்டாலிகாவின் 2003 ஆல்பமான 'செயிண்ட் ஆங்கர்'. ராப் கலந்த நு-மெட்டல் உச்சத்தில் இருந்த நேரம், கிடார் சோலோ (பாட்டின் நடுவே கிடார் தனித்து வாசிப்பது) பழைய பாணி என்று நினைத்த நேரம். ஆல்பத்தில் ஒரு சோலோ கூட இல்லை. தகர டப்பாவைத் தட்டியது போல் ஒரு ஸ்நேர் டிரம் சத்தம் வேறு. அந்தப் பதிவு நடந்தபோது எடுத்த ஆவணப்படத்தில் குழுவின் கிடார் கலைஞர் கர்க் ஹாமெட்டே எதிர்க்கிறார்: சோலோவை எடுத்துவிட்டால் இந்த ஆல்பம் இந்தக் காலத்தோடு முடங்கிப்போகும் என்பது அவர் வாதம். அதுதான் நடந்தது. 2008-ல் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது சோலோக்கள் திரும்பிவிட்டன. இன்றைக்கு அவர்கள் மேடையில் 'செயிண்ட் ஆங்கர்' பாட்டு எப்போதாவதுதான் வரும், கறுப்பு அட்டை ஆல்பத்தின் 'என்டர் சேண்ட்மேன்' தவறாமல் வரும்.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மெட்டாலிகாவின் 1997 ஆல்பத்திலிருந்து 'ஃப்யூயல்' இன்னும் மேடையில் கொளுத்துகிறது. இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட் 1986-ல் கிடாரில் மின்னணு ஒலி எழுப்பும் கிடார் சிந்தசைசரைக் கையில் எடுத்தது அப்பட்டமாகக் காலத்தோடு போனதுதான், ஆனாலும் 'டர்போ லவர்' பல வருஷம் கழித்தும் அவர்கள் செட்டில் இருக்கிறது. அப்புறம் மெட்டலின் இருண்ட, முரட்டுக் கிளையான பிளாக் மெட்டல். அதில் நான் ஆழமாகப் போனதில்லை, கேட்டவரை சொல்கிறேன். போக்குக்கு எதிரானவர்கள் என்று கிளம்பிய நார்வேக்காரர்களின் முகச்சாயமும் கரகரத்த பதிவும் சில வருஷங்களில் உலகம் முழுக்கச் சீருடையாகிவிட்டன. அந்தச் சீருடையைப் போட்டவர்களைவிட, 2006-ல் பங்க் ராக் பக்கம் சாய்ந்த நார்வேக் குழு டார்க்த்ரோன்தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: மெய்டனில் 1995, 1998 ஆல்பங்களைத் தாண்டிப் போகச் சொல்வார்கள், கேட்காதீர்கள், வாங்குங்கள். மெட்டாலிகாவில் முதல் ஐந்தோடு 'டெத் மேக்னெடிக்' சேர்த்தால் ஆறு. 'லோட்' ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலே போதும்.