மீன் துடிப்பைக் கேட்கும் பெட்டி: ஒலிக்கு நான்கு நட்சத்திரம், கையேட்டுக்கு ஒன்று

என் தொட்டியில் ஒரு யானைமூக்கு மீன் இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகுதான் அது சுறுசுறுப்பாகும். பார்க்கத்தான் முடியாது, கேட்கவாவது செய்யலாமே என்று இந்தக் குட்டி ஆம்ப்ளிஃபையரை வாங்கினேன். இரண்டு கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டால் மீனின் மின்துடிப்பு ஸ்பீக்கரில் ஒலியாக வரும்.

முதல் நாள் வெறும் 'ம்ம்ம்' இரைச்சல். ஃபில்டர், ஹீட்டர் இரண்டின் பிளக்கையும் பத்து நிமிடம் பிடுங்கி வைத்த பிறகுதான் மீன் கேட்டது: டக்... டக்... டக் என்று சோம்பலாக. ஒரு எவர்சில்வர் ஸ்பூனை நூலில் கட்டி இறக்கினேன். மீன் அரை சாண் தூரத்துக்கு வந்ததும் தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி படபடவென்று வேகம் எடுத்தது. இந்த மீனின் முகத்தில் நீண்டிருப்பதை மூக்கு என்கிறோமே தவிர, அது மோவாய்தான்.

ஒலி அருமை. கையேடுதான் சொதப்பல். இருட்டில் மீன் ஒரு பொருளின் தூரத்தை எப்படி அறிகிறது என்பதற்கு, ஆறாம் பக்கத்தில் 'தோலில் விழும் படம் பெரிதாக இருந்தால் பொருள் பக்கத்தில்' என்று போட்டிருக்கிறார்கள். அது நம் கண்ணின் கணக்கு. இந்த மீன் வாலிலிருந்து மின்சாரம் விட்டு, தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது. அருகில் இருக்கும் பொருள் அதைக் கலைக்க, அந்தக் கலைவு தோலில் படமாக விழுகிறது. பொருள் தள்ளிப் போகப் போக இந்தப் படம் மங்கி, அகலமாகிறது! அப்படியானால் அகலமான படம் பெரிய பொருளா, தூரத்துப் பொருளா? மீன் அகலத்தை மட்டும் நம்புவதில்லை. படத்தில் கலைவின் உச்சம் எவ்வளவு, ஓரத்தில் அது எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. உச்சத்துக்கு ஏற்ற சரிவு இல்லாமல் மழுங்கியிருந்தால் தூரம். பொருள் பெரிதோ சிறிதோ, உலோகமோ பிளாஸ்டிக்கோ, இந்த விகிதம் ஏமாறாது. தூரம் தெரிந்துவிட்டால் அளவையும் பிரித்தறியலாம்.

1998-இல் ஆய்வாளர் கெர்ஹார்ட் ஃபான் டெர் எம்டே குழுவினர் மீன்களைப் பழக்கி இதைக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது மீன்கள் தோற்ற இடம்: ஒரே தூரத்தில் வைத்தாலும், கனசதுரத்தைவிட உருண்டை தள்ளி இருப்பதாக எடுத்துக்கொண்டன. அதனால் நானும் ஒரு கோலிக்குண்டை இறக்கினேன். படபடப்பு கேட்டது. மீன் அதை எவ்வளவு தூரத்தில் வைத்தது என்று பெட்டி சொல்லாது. துடிப்பு மட்டும்தான் அதற்குக் கேட்கும்.

இன்னொன்று: மூன்றாம் மாதமே ஒரு கம்பியின் முனை துருப்பிடித்தது. வாங்கினால் துருப்பிடிக்காத கம்பியாக மாற்றிவிடுங்கள், அப்புறம் கையேட்டின் ஆறாம் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.