படர்தாமரைக்கு குளோட்ரிமசோல் 1% கிரீம்: வாங்கலாமா?

இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் முதல் குளச்சல் கடற்கரை வரை, ஈரத் துணியோடு உழைப்பவர்களின் தொடையிடுக்கைப் படர்தாமரை எளிதில் பிடிக்கும். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று; ஓரிரு சிறிய திட்டுக்கு இந்தப் பூஞ்சைக்கொல்லிக் கிரீம் தாராளமாக வாங்கலாம், விலையும் குறைவு.

பூசும் முறையில்தான் பலன். கழுவி, ஈரம் போகத் துடைத்து, இருவேளை, சிவந்த விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் மிச்சமிருக்கும் பூஞ்சை திரும்பப் படரும். திட்டு மறைந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள்.

கடையில் "படர்தாமரை மருந்து" என்று மட்டும் கேட்காதீர்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த டியூப் கைக்கு வரக்கூடும். அந்த ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். தொடைத்தோல் மெலிந்து விழும் வரிகள் முழுதாக மறையாது. பெட்டியைப் படித்தே காசு கொடுங்கள்.

துண்டு தனித்தனி, வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்தே சிகிச்சை. தலை, நகம், பல இடத்துத் திட்டு என்றால் கிரீம் போதாது, தோல் மருத்துவர் மாத்திரை தருவார்.