ஆர்ச்சஸ் வாட்டர்கலர் தாள்: செலவு செய்வதென்றால் இதற்குச் செய்யுங்கள்

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். மயிலாப்பூரில் வீட்டின் வடக்குப் பார்த்த அறைதான் வேலையிடம். புதிதாக வரைய வருகிறவர்கள் பிரஷ்ஷைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் தாளைச் சொல்வேன். சுமாரான பிரஷ்ஷை வைத்து ஒப்பேற்றிவிடலாம், தாள் சரியில்லை என்றால் எந்தக் கையாலும் முடியாது.

அச்சுக்குப் போகிற படங்களுக்கு நான் எடுப்பது ஆர்ச்சஸ் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்), கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்புள்ள ரகம். பிரான்சில் 1492-இல் தொடங்கிய ஆலையின் தாள். முழுக்கப் பருத்தி. ஜெலட்டின் என்ற பசை மேலே பூசியதாக மட்டும் இல்லாமல் உள்ளேயும் ஊறியிருக்கிறது. அதனால் வண்ணம் விழுந்ததும் உறிஞ்சப்படாமல் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இவ்வளவு காசு.

கபாலீசுவரர் கோயில் குளத்துப் படிகளை வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால் கருங்கல்லின் சாம்பல் நிறம் வரும். பலகையைச் சற்றுச் சாய்த்து வாஷ் போட்டால், அதாவது நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பரப்பினால், வண்ணநீர் கீழ் விளிம்பில் திரண்டு நிற்கும். அதைப் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே இறங்கலாம், நடுவில் கோடு விழாது. காயும்போது அல்ட்ராமரீன் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி, கல்லின் சொரசொரப்பு தானாக வந்துவிடும். அப்புறம் ஈரப் பிரஷ்ஷை அழுத்தி ஒற்றினால் படி விளிம்பில் வெளிச்சத்தை மீட்டெடுக்கலாம். மலிவான மரக்கூழ்த் தாளாக இருந்தால் அந்த இடத்தில் நார் நாராகப் பிரியும். இது அசையாது.

பெரிய வாஷ்களை விடிகாலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போடுவேன். காற்று பட்டால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். வெயில் ஏறியபின் சின்ன வேலைகள், கோடுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது, ஹேர் டிரையரைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

தாள் நனைந்தால் ஒரு வாடை வரும், ஜெலட்டினின் வாடை. அது விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் தாளைத் திறந்து வைக்கவே கூடாது. ஈரக்காற்றில் ஜெலட்டின் கெட்டுப்போனால் வண்ணம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும், அந்தத் தாளை மீட்க வழியில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு ஜிப் கவரில் மூடி வையுங்கள்.

பிளாக்காக, அதாவது தாள்களை அடுக்கி ஒட்டிய கட்டாக வாங்கினால் ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் தாள் நெளியாது, பலகையில் டேப் ஒட்டும் வேலையும் மிச்சம். முழுக்கக் காய்ந்த பிறகே கத்தியை நுழைத்துப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் தாள் சுருண்டுவிடும். வெளியே போய் வரைகிறவர்களுக்குப் பிளாக் வசதி. மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு 56×76 செ.மீ. முழுத்தாளே கட்டுப்படியாகும். எட்டாக வெட்டினால் 19×28 அளவில் எட்டுப் படம். விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. பழகுவதற்கு நம் ஊர்ப் பருத்தித் தாளே போதும், நானும் மாதிரிப் படங்களை அதில்தான் போடுகிறேன். பதிப்பாளர் மாதிரியைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஆர்ச்சஸை வெளியே எடுப்பேன்.