ஒமேகா சென்டாரியா, எம்13-ஆ?

6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி கையில் இருந்தால், தாராபுரம் பக்கமிருந்து இந்த இரண்டு கோளக் கொத்துகளையுமே (பந்துபோல் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) பார்க்கலாம். ஆனால் முதலில் ஒமேகாவைத்தான் சொல்வேன். ஐரோப்பாவில் பலருக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கோ தெற்கே சுமார் 32 பாகை உயரம் ஏறும், பழனி மலை மறைக்காது.

தேடுவதும் சுலபம். மே மாதக் கடைசியில் இரவு 9 மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். கையை நீட்டி, அதற்கு நேர் கீழே மடக்கிய கைமுட்டியால் மூன்றரை முட்டி அளந்தால் ஒமேகா. பைனாகுலரில் பஞ்சுப்பொதி மாதிரி தெரியும். 100 மடங்கு பெருக்கத்தில் பொடிப்பொடியாக உதிரும். மொத்தம் சுமார் 1 கோடி விண்மீன்கள், 17,000 ஒளியாண்டு தூரம். திருப்பூருக்கு வடக்கே நின்று பார்த்தால் மட்டும் ஊர் வெளிச்சம் கெடுத்துவிடும்.

எம்13 வடக்கு வானத்துக்காரர்களின் செல்லம். 1714-இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கண்டது. 1974-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து இதை நோக்கித்தான் வானொலிச் செய்தி போனது. ஹெர்குலிஸ் விண்மீன் குழுவின் நாற்கரத்தில் மேற்குப் பக்கக் கோட்டில் இருக்கும். நமக்கு 64 பாகை உயரம் ஏறுவது பெரிய வசதி. சிக்கல், அது மாலையில் உச்சியேறும் ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் மேகங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏப்ரலில், நள்ளிரவு தாண்டி விழித்திருப்பவருக்கே எம்13.